ஆர்.இ.எம். மீண்டும் சேர வேண்டா!



ஆர்.இ.எம். இசைக்குழுவினர் நால்வரும் மீண்டும் ஒன்றுசேர வேண்டும், ஒரேயொரு முறையேனும் உலகைச் சுற்றிவந்து பாட வேண்டும், அப்பயணத்தில் நம் வட்டாரமும் இடம்பெற வேண்டும் என்று கோரும் வேண்டுகோள் ஒன்று சில வாரங்களாகப் புலனத்தில் உலவி வருகிறது. இக்குழுவின் பாடல்களை நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருபவள் என்பதை அறிந்த நண்பர்கள் மூவர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக, அதனை எனக்கு அனுப்பி வைத்திருக்கின்றனர். அவருள் ஒருவர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர். "டீச்சர், முதல் கையொப்பமே உங்களுடையதாக இருக்க வேண்டாவா?" என்று கேட்டிருந்தார்.

என் கையொப்பம் அதில் முதலிலும் இராது; கடைசியிலும் இராது. அந்த வேண்டுகோள் ஆர்வத்தில் எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் அடியில் கிடக்கும் எண்ணம் தவறானது. "இத்தனை ஆண்டுகள் உங்களைப் போற்றினோம், உங்கள் ஒலிநாடாவையும் குறுந்தட்டையும் காசு கொடுத்து வாங்கினோம், ஆகவே நீங்கள் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்" என்பதே அவ்வெண்ணம். இதனை மறுக்காமல் விட எனக்கு மனமில்லை.

அதற்கு முன்னர் வேறொரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். தமிழாசிரியைக்கு ஆங்கில ராக் இசையில் என்ன வேலை என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உள்ளனர். ஆசிரியர் அறையில் ஒருமுறை நான் 'லூசிங் மை ரிலிஜன்' பாடலை முணுமுணுக்கக் கேட்ட மூத்த ஆசிரியர் ஒருவர், "மொழியைத்தான் விட்டுவிட்டீர்கள், சமயத்தையுமா?" என்றார். அவர் நல்லவர், அவரிடம் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். அத்தலைப்பு சமயத்தைத் துறப்பதைப் பற்றியதன்று. அமெரிக்கத் தென்மாநில மக்களின் வழக்கில் அது பொறுமையின் எல்லைக்கே வந்துவிட்டதைக் குறிக்கும் மரபுத்தொடர். நாம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோமே, மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளக்கூடாது என்று, அதே பாடந்தான். அப்பாடலுக்குப் படம் இயக்கியவர் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். அதில் வரும் சிறகு முளைத்த கிழவர் கார்சியா மார்க்கேஸின் சிறுகதையிலிருந்து வந்தவர். 1991-ஆம் ஆண்டு எம்.டி.வி. விருதுகளில் ஆறு அந்தப் படத்துக்குக் கிடைத்தன. ஓர் இந்தியர், ஒரு கொலம்பிய எழுத்தாளர், ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரில் கூடிய நான்கு இளைஞர். இவ்வளவும் ஒரு பாடலுக்குள் இடங்கொள்ளுமானால், கெடா மாநிலத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு தமிழ்ச்சிக்கு அதில் இடமில்லாமல் போகுமா? தமிழ்ப்பற்று என்பது காதைப் பொத்திக்கொள்வதன்று. இவ்வழக்கை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். இது என் இன்றைய வழக்கன்று.

(ரசிகர் என்ற சொல்லை விடுத்துச் 'சுவைஞர்' என்று எழுதலாகாதா எனச் சிலர் கேட்பர். எழுதலாம். ஆனால் கடன் கேட்டு நிற்பவரைச் சுவைஞர் என்றழைக்க எனக்குக் கூச்சமாக உள்ளது.)

என் அண்ணன் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி வந்த ஒலிநாடாக்களுள் ஒன்று 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. 1992 அக்டோபரில் வெளிவந்த தொகுப்பு அது. எங்கள் வீட்டுக்கு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தது. எனக்கு வயது பதின்மூன்றோ பதினான்கோ. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. மெதுவாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றார். ஆகையால் அஃது எனக்கானது. சாவு, பிரிவு, முதுமை ஆகியவற்றைப் பற்றிய அப்பாடல்களுள் சிலவற்றுக்கு நரம்பிசையை அமைத்தவர் லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் என்பதையெல்லாம் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அத்தொகுப்பின் பெயர் ஏதென்ஸ் நகரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் விளம்பர வாசகம் என்பதையும் அப்படியே.

அங்கிருந்து பின்னோக்கிப் போனேன். 1983-இல் வெளிவந்த முதல் முழுத்தொகுப்பு 'மர்மர்'. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' உலகையே ஆட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆயினும் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 'மர்மரை'யே அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. அதில் மைக்கேல் ஸ்டைப் பாடும் சொற்களுள் பாதி விளங்காது. எனக்கு ஆங்கிலம் போதாததால் விளங்கவில்லை என்றே முதலில் எண்ணினேன். பின்னர்தான் தெரிந்தது, அமெரிக்கர்க்கும் அது விளங்கவில்லை என்று! இதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆங்கிலப் பாடத்தில் எப்போதும் பின்வரிசையில் இருந்தவளும் நியூயார்க்கில் பிறந்தவனும் ஒரே இருட்டில் நின்று கேட்கும் இசை அது.

இனி வழக்குக்கு வருகிறேன்.

இக்குழுவின் பாடல்களை விட எனக்கு முதன்மையானதாகத் தோன்றுவது அவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. பில் பெர்ரி, பீட்டர் பக், மைக் மில்ஸ், மைக்கேல் ஸ்டைப் ஆகிய நால்வர் பெயரும் அவர்கள் இயற்றிய பாடல் ஒவ்வொன்றின் கீழும் இருக்கும், அகர வரிசையில். யார் மெட்டமைத்தார், யார் சொல் எழுதினார், யார் அன்று சும்மா உட்கார்ந்திருந்தார் என்ற பிரிவினை இல்லை. உரிமத்தொகையும் அப்படியே பங்கிடப்பட்டது. எந்த முடிவாயினும் நால்வரும் இசைய வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அது நடவாது. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்ற பாடலைப் பெரும்பாலும் ஆக்கியவர் டிரம்ஸ் வாசிக்கும் பெர்ரி. வேடிக்கை என்னவென்றால், அதில் கேட்கும் தாளம் பெரிதும் இயந்திரத்தினுடையது. தம் கையின் வேலை அதில் தேவையில்லை என்று அவரே ஏற்றுக்கொண்டார். 'லூசிங் மை ரிலிஜன்' பிறந்ததோ, கிட்டார் கலைஞரான பக் புதிதாக மேண்டலின் பழகிக்கொண்டிருந்தபோது. எவரும் தம் இடத்தைக் கட்டிக்காத்துக்கொண்டு நிற்கவில்லை.

இதன் அருமை விளங்க வேண்டுமாயின் அதே காலத்து இங்கிலாந்துக் குழுவான 'தி ஸ்மித்ஸை'ப் பாருங்கள். அங்கே பாடகர் மாரிசியும் கிட்டார் கலைஞர் ஜானி மாரும் ஆளுக்கு நூற்றுக்கு 40 எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 கொடுத்தனர். டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸ் நீதிமன்றம் சென்றார். 1996-இல் அவருக்கு நாலில் ஒரு பங்கு உரியது என்று தீர்ப்பாயிற்று. அக்குழு உடைந்தது 1987-இல். அது மீண்டும் சேர வேண்டும் என்று கேட்டோரும் கணக்கில்லாதவர். 2023-இல் ஆண்டி ரூர்க் மறைந்தார். அந்த நால்வர் இனி எந்நாளும் நால்வராக இயலாது. "பார்த்தீர்களா, காலம் கடந்துவிடும், அதனால்தான் இப்போதே கேட்கிறோம்" என்பார் என் ஆங்கில ஆசிரிய நண்பர். நான் அதே செய்தியை வேறுவிதமாகப் பார்க்கிறேன். ஸ்மித்ஸ் குழுவினர் சேராமல் இருந்ததற்குக் காரணம் பகை. ஆர்.இ.எம். சேராமல் இருப்பதற்குக் காரணம் பகையன்று. பகையைத் தீர்த்துவைக்க நண்பர்கள் முயலலாம். பகையே இல்லாதவிடத்து நாம் எதைத் தீர்த்துவைக்கப் போகிறோம்?

1995 மார்ச் முதல் நாள் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெர்ரிக்கு மூளையில் இரத்தக்குழாய் வீங்கிக் கசிந்தது. அறுவை சிகிச்சை செய்து பிழைக்கவைத்தனர். அதே பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் அறுவை, ஸ்டைப்புக்குக் குடலிறக்க அறுவை. மூவர் உடலில் கத்திபட்ட பின்னும் அப்பயணம் தொடர்ந்து நடந்து முடிந்தது. அதில் பெரும்பாலான பாடல்களை வழியிலேயே பதிவுசெய்து அடுத்த ஆண்டு 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' என்ற தொகுப்பாக்கினர். அவர்களின் தொகுப்புகளுள் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. மறுப்போர் தாராளமாக மறுக்கலாம். 1996-இல் வார்னர் நிறுவனத்தோடு 8 கோடி டாலர் பெறும் என்று பேசப்பட்ட புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1997 அக்டோபரில், பெர்ரி விலகினார்.

நான் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. செய்தியைச் சில மாதங்கள் கழித்து ஒரு பழைய இதழில் படித்தேன். அவர் விலகிய முறைதான் இன்றளவும் என் நெஞ்சில் நிற்கிறது. தாம் போவதால் குழு கலையுமென்றால் தாம் போகப்போவதில்லை என்றார். மற்ற மூவரும் தொடர்வதாக ஒப்புக்கொண்ட பிறகே போனார். போய் ஜார்ஜியாவிலேயே நிலம் வைத்து வைக்கோல் பயிரிட்டார். வழக்கில்லை, பேட்டிகளில் வசைமொழியில்லை, தனிக்குழு அமைத்துப் போட்டிக்கு நிற்கவுமில்லை. மூன்று காலுள்ள நாயும் நாய்தான், அது வேறுவிதமாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் ஸ்டைப் அப்போது சொன்னார்.

ரசிகர்கள் என்ன செய்தனர் தெரியுமா? இங்கேதான் எனக்குச் சினம் வருகிறது. பெர்ரி போனதும் குழுவும் போயிற்று என்று தீர்ப்பளித்தனர். அதற்கும் பத்தாண்டு முன்பே, 1988-இல் சிறு நிறுவனமான ஐ.ஆர்.எஸ்.-ஐ விட்டு வார்னருக்குப் போனபோதே "விலைபோய்விட்டார்கள்" என்று எழுதியவர் இருந்தனர். 'டாக்குமெண்ட்' தொகுப்போடு எல்லாம் முடிந்தது என்போர் ஒரு கூட்டம். 'ஹை-ஃபை'யோடு முடிந்தது என்போர் இன்னொரு கூட்டம். 'எனக்குப் பின்னால் வந்தவர் ரசிகரே அல்லர்' என்பதே இவ்விரு கூட்டத்தாரின் உள்ளக்கிடக்கை. 1998-இன் 'அப்' தொகுப்பை இவர்கள் ஒழுங்காகக் காதுகொடுத்துக் கேட்கவேயில்லை. டிரம்ஸ் கலைஞரை இழந்த மூவர், வேறொருவரை நிலையாக அவ்விடத்தில் அமர்த்தாமல், தாள இயந்திரங்களையும் பழைய மின்னிசைக் கருவிகளையும் வைத்துத் தட்டுத்தடுமாறிச் செய்த தொகுப்பு அது. அந்தத் தட்டுத்தடுமாற்றமே அதன் அழகு. பயிற்சிக் கல்லூரி விடுதியில் நான்கு கட்டில் போட்ட அறையில், தோழியர் உறங்கிய பின், காதில் செருகிக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். நண்பனை இழந்த வீட்டில் மறுநாள் சோறாக்குவோர் எப்படி நடமாடுவரோ அப்படி நடமாடும் இசை.

2004-இல் வந்த 'அரவுண்ட் தி சன்' சோர்வான தொகுப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பக்கே பின்னாளில் அதைக் குறைகூறினார். சோர்ந்தவர் சோர்ந்ததைச் சொன்னார்; 2008-இல் 35 நிமிடங்கூட ஓடாத 'அக்ஸிலரேட்' என்ற தொகுப்பால் எழுந்து நின்றார். இதுவன்றோ நேர்மை!

ஆக, வரலாறு முழுவதும் பாருங்கள். 1988-இல் போகாதே என்றோம்; போனார்கள். 1989 இறுதியோடு சுற்றுப்பயணத்தை நிறுத்தினார்கள். 'அவுட் ஆஃப் டைம்', 'ஆட்டோமேட்டிக்' என்னும் இரு பெரும் தொகுப்புகளும் உலகெங்கும் விற்றுக் குவிந்த 1991, 1992 ஆண்டுகளில், வேறெந்தக் குழுவாயினும் விளையாட்டரங்குகளை நிரப்பிப் பணம் அள்ளியிருக்கும். இவர்கள் பயணமே போகவில்லை. மீண்டும் புறப்பட்டது 1995-இல்தான். ரசிகரின் விருப்பப்படி இவர்கள் ஒரு நாளும் நடந்தாரல்லர். அப்படி நடவாததனால்தான் அந்தப் பாடல்கள் கிடைத்தன. நம் விருப்பத்தைக் கேட்டு நடந்திருந்தால் 'மர்மரை'ப் பதினைந்து முறை செய்து கொடுத்திருப்பார்கள். நாமும் மூன்றாவதிலேயே சலித்து வேறு குழுவைத் தேடிப் போயிருப்போம்.

2011 மார்ச்சில் 'கொலாப்ஸ் இன்டு நவ்' வெளிவந்தது. வார்னரோடு கொண்ட ஒப்பந்தமும் அதனோடு நிறைவுற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் குழு கலைந்தது. விடைபெறும் சுற்றுப்பயணம் இல்லை. இறுதி நிகழ்ச்சி என்று பெயர்சூட்டிச் சீட்டு விற்கவில்லை. 1980 ஏப்ரல் 5-ஆம் நாள் ஏதென்ஸில் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில், ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்தில் முதன்முதலாக வாசித்தவர்கள், முப்பத்தோர் ஆண்டுகளும் பதினைந்து தொகுப்புகளும் கழித்து ஓர் அறிக்கையோடு எழுந்து போனார்கள்.

விடைபெறும் பயணம் இல்லை என்பது எங்களைப் போன்றோருக்கு எத்தகைய இழப்பு என்பதை நான் அறியாதவளல்லள். அவர்களை நான் நேரில் கண்டதேயில்லை. இனிக் காணப்போவதுமில்லை. முப்பது ஆண்டுகளாகக் கேட்கும் ஒரு குரலை ஒரே ஒருநாள், ஆயிரம் பேர் நடுவில் கடைசி வரிசையில் நின்றாவது கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையென்றால் அது பொய். வேண்டுகோள் எழுதியவர்கள் என்னிடம் இதைத்தான் நினைவூட்டுகிறார்கள்: "நீங்களே பார்க்கவில்லையே, டீச்சர்! உங்களுக்காகவுந்தான் கேட்கிறோம்." என் ஆசையை நான் அறிவேன். என் ஆசை எனக்குரியது. அதற்கு அறுபதைக் கடந்த நான்கு மனிதர்கள் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இதற்கு எங்கள் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று. பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கு நன்கொடை தருகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பல தமிழ்ப்பள்ளிகளில் மேடை விளக்கே எரியாது. பலர் கொடுத்துவிட்டு மறந்துவிடுவர். சிலர் மட்டும் கொடுத்த மறுநாளே வந்து, தம் பிள்ளைக்கு நாடகத்தில் எந்த வேடம் என்று கேட்பர். அவர்கள் தந்தது அன்பளிப்பன்று, முன்பணம். ஆர்.இ.எம். தொகுப்புகளை நாம் விலைகொடுத்து வாங்கினோம். வாங்கியதற்குரிய பாடல் கையில் கிடைத்தது. அக்கணக்கு கடைவாசலிலேயே தீர்ந்தது. அதற்கு மேல் நாம் கொடுத்தது அன்பு. அதை இப்போது வட்டியோடு திருப்பிக் கேட்கிறோமா?

வேண்டுகோளாளர் காட்டும் பெரிய சான்று ஒயாசிஸ். 2009-இல் பாரிஸில் சண்டையிட்டுப் பிரிந்த காலகர் உடன்பிறப்புகள் 2024 ஆகஸ்டில் சேர்வதாக அறிவித்து, 2025 ஜூலை 4-இல் கார்டிஃபில் மேடையேறினர். மக்கள் அழுதனர், கட்டித்தழுவினர். அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் சீட்டு விற்ற நாளையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். மணிக்கணக்கில் இணைய வரிசையில் நின்றவர்கள், 148 பவுண்டு என்று நினைத்துப் போன நிற்குமிடச் சீட்டுக்கு 355 பவுண்டு கேட்கப்பட்டதைக் கண்டனர். பிரிட்டிஷ் போட்டிச் சந்தை ஆணையம் விசாரிக்கும் அளவுக்கு அது போயிற்று. மறுசேர்க்கை என்பது இன்று ஒரு தொழில். பழைய அன்பு அதற்கு மூலப்பொருள். எவ்வளவு நாள் காத்திருந்தோமோ அவ்வளவுக்கு விலையேறும். கையொப்ப வேண்டுகோள்கள் அந்தத் தொழிலுக்குச் சந்தை ஆய்வாகப் பயன்படுமேயன்றி வேறெதற்கும் பயன்படா.

"அப்படியாயின் 2024-இல் ஏன் பாடினார்கள்?" என்று மடக்குவார் நண்பர். நல்ல வினா. 2024 ஜூன் 13-ஆம் நாள் நியூயார்க்கில், பாடலாசிரியர் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட இரவில், நால்வரும் சேர்ந்து 'லூசிங் மை ரிலிஜன்' என்ற ஒரே பாடலைப் பாடினர். 2007-க்குப் பின் அவர்கள் பொதுவில் சேர்ந்து பாடியது அதுவே முதன்முறை. பின்னர் 2025 பிப்ரவரியில், நடிகர் மைக்கேல் ஷானனும் ஜேசன் நார்டூசியும் தங்கள் குழுவோடு ஏதென்ஸின் 'ஃபார்ட்டி வாட்' மன்றத்தில் ஆர்.இ.எம். பாடல்களைப் பாடியபோது, நால்வரும் மேடையேறி ஒரு பாடலில் கலந்துகொண்டனர். இவற்றைத்தான் வேண்டுகோளில் சான்றாக அடுக்கியிருக்கிறார்கள். எனக்கோ இவை எதிர்ச்சான்றாகப் படுகின்றன. பாட மனமிருந்தபோது பாடினார்கள், ஒரு பாடல் போதுமென்று தோன்றியபோது நிறுத்தினார்கள். அறிவிப்பு இல்லை, விற்பனை இல்லை. நியூயார்க் நிகழ்ச்சியையொட்டித் தொலைக்காட்சியில் நால்வரையும் உட்காரவைத்து, மீண்டும் சேர என்னதான் வேண்டும் என்று கேட்டபோது, வால்விண்மீன் ஒன்று வந்தாக வேண்டும் என்ற பொருளில் மில்ஸ் ஒற்றைச் சொல்லில் மறுமொழி கூறினார். சிரித்துக்கொண்டு சொன்னதென்றாலும் தெளிவாகத்தான் சொன்னார். மறுப்பைக் காதில் வாங்கிக்கொண்டே மீண்டும் கேட்பதை வகுப்பில் நாம் என்னவென்று அழைப்போம்?

இளையோர் பார்க்க வாய்ப்பில்லாமல் போகிறதே என்பது மற்றொரு வாதம். என் அண்ணன் மகளுக்குப் பதினேழு வயது. 'மர்மரை' அவள் என் வழியாகக் கேட்கவில்லை, தானே எங்கோ கண்டெடுத்து, "அத்தை, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடமே கேட்டாள். அவள் பிறந்து சில ஆண்டுகளில் கலைந்த குழு அது. அவளுக்கு அது குறையாகவே தெரியவில்லை. முதல் தொகுப்பு முதல் பதினைந்தாவது வரை வரிசையாகக் கேட்டுவருகிறாள். இப்போது எட்டாவதில் இருக்கிறாள். அடுத்து என்ன வருமோ என்று கேட்பவளிடம் நான் எதையும் சொல்லிக் கெடுப்பதில்லை. ஒரு நூல் முடிந்துவிட்டது என்பதற்காக எவரேனும் அதைப் படிக்காமல் விடுகின்றனரா? முடிந்த நூலைத்தான் முதலிலிருந்து முறையாகப் படிக்க முடியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவர்கள் முதன்முதலாக வாசித்த அந்தத் தேவாலயம் 1990-இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. ஏதென்ஸுக்குப் போகும் ரசிகர்கள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டடத்தைத் திரும்ப எழுப்பித் தாருங்கள் என்று அவருள் எவரும் கையொப்பம் திரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கலைந்த பின் அவர்கள் சும்மாவும் இல்லை. பக்கும் மில்ஸும் 'தி பேஸ்பால் ப்ராஜெக்ட்' குழுவில் சேர்ந்து வாசிக்கின்றனர். பேஸ்பால் எனக்கு ஒரு சிறிதும் விளங்காத ஆட்டம், அதைப்பற்றியே முழுத்தொகுப்புகள்! மில்ஸ் வயலினுக்கும் ராக் குழுவுக்குமாக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். ஸ்டைப் ஒளிப்பட நூல்களை வெளியிட்டார். பெர்ரியும் 2023-இல் 'தி பேட் எண்ட்ஸ்' என்னும் ஏதென்ஸ் குழுவோடு ஒரு தொகுப்பு செய்தார். அவற்றை நம்முள் எத்தனை பேர் தேடிக் கேட்டோம்? அந்த வேண்டுகோளின் எழுத்தாளர் பேட் எண்ட்ஸ் என்ற பெயரையே அறியவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். அந்த நால்வர் இப்போது செய்வதைக் கேட்கக் காது இல்லை. 1992-இல் செய்ததைத் திரும்பச் செய்யச் சொல்ல மட்டும் வாய் இருக்கிறது.

ஆகவே நண்பரே, நீங்கள் கையொப்பம் திரட்டுவதென்றே முடிவுகட்டியிருந்தால் திரட்டுங்கள், உங்கள் உரிமை. ஆனால் அந்தத் தாளை நிறுவனத்துக்கும் முகவர்க்கும் அனுப்பாதீர்கள். லொசான் மேடையில் வீழ்ந்து எழுந்து, இரண்டாண்டு கழித்து, தோழர்களுடைய ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு வயலுக்குப் போன அந்த டிரம்ஸ் கலைஞரிடம் முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள். 'நாற்பது நகரங்கள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், வானூர்தியிலேயே உறக்கம்' என்று அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை வந்து எனக்குச் சொல்லுங்கள்.